ஈரப் பாறையில் வழுக்கும் புதுக் காலணி: மலைப்பாதை ஓட்டக்காரர்களுக்குப் பதில்கள்

சென்ற இதழில் நம் மொரீஷியஸின் லெ பூஸ் மலையேற்றத்தைப் பற்றி எழுதினேன். 812 மீட்டர் உயரமே உள்ள மலைதான். 1836இல் கப்பலில் வந்திறங்கிய சார்லஸ் டார்வின்கூட ஏறிப் பார்த்த மலை. பாதையைப் பற்றிக் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை காலணிகளைப் பற்றியவை. கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: வாசகர்கள் எல்லோரும் சொகுசு, பிடிப்பு, நீடித்த உழைப்பு ஆகிய மூன்றையும் ஒரே ஜோடியில் எதிர்பார்க்கிறார்கள், மூன்றில் ஒன்று குறையும்போது நிறுவனத்தின் மேல் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எங்கே நியாயம், எங்கே நியாயமில்லை என்பதை, தேர்ந்தெடுத்த சில கடிதங்களுக்கான பதில்களில் சொல்ல முயல்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. சேற்றில் ஓடுவதற்கென்றே செய்தது என்று சொல்லி விற்ற ஒரு ஜோடியை ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கினேன். அடியில் உள்ள பற்கள் 6 மில்லிமீட்டர் உயரம். பெத்ரேனிலிருந்து மக்கபே காட்டுக்குள் செல்லும் சேற்றுப் பாதையில் அருமையாகப் பிடித்தது. ஆனால் அதே ஓட்டத்தில் ஓடையைக் கடக்கும்போது பாறையில் இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். உடன் வந்த நண்பரின் ஷூவில் பற்கள் என்னுடையதில் பாதி உயரம்தான்; அவர் ஒரு முறைகூட விழவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா?
(காத்ர் போர்ன் வாசகர்)

பதில்: ஏமாறவில்லை. கடைக்காரர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதுதான் உங்களை விழவைத்தது.

சேற்றில் பிடிப்பைத் தருவது அடிப்பாகத்தின் வடிவம். உயரமான, ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த பற்கள் மேலே உள்ள சொதசொதப்பைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பற்றுகின்றன. பற்களுக்கு இடையே போதிய இடைவெளி இருந்தால்தான், ஒவ்வொரு முறை கால் மடங்கும்போதும் ஒட்டிய களிமண் கழன்று விழும். நெருக்கமாக இருந்தால் நம்முடைய செம்மண் அப்பிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் அடிப்பாகம் முழுவதும் பூசி மெழுகியதுபோல் ஆகிவிடும்.

பாறையிலோ எந்தப் பல்லும் இறங்கப் போவதில்லை. அங்கே பிடிப்பைத் தருவது இரண்டே: ரப்பரின் இளக்கம், அது பாறையைத் தொடும் பரப்பு. இளகிய ரப்பர் பாறையின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் பதிந்து, நடுவே உள்ள நீர்ப்படலத்தைப் பிதுக்கித் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் ஜோடியில் பற்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் பாறையைத் தொடும் ரப்பரே குறைவு. போதாக்குறைக்கு, உயரமான பற்கள் பிய்ந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் அவற்றைச் சற்றுக் கடினமான ரப்பரில் வார்க்கிறார்கள். உங்கள் நண்பருடையதில் பற்கள் குட்டை, நெருக்கம், அநேகமாக ரப்பரும் இளகியது. மக்கபே சேற்றில் அவர் உங்களுக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டு வந்திருப்பார். அதை நீங்கள் எழுதவில்லை.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஷூவைத் தலைகீழாகப் பிடித்து, முன்பாதத்தின் கீழே வரும் ஒரு பல்லின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகத்தடம் பதிந்து மெல்ல மறைந்தால் இளகிய ரப்பர். நகம் பதியாமல் சறுக்கிக்கொண்டு போனால் கடினமானது. இது ஆய்வுக்கூட அளவை அல்லதான், ஆனாலும் இரண்டு ஜோடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது அட்டையில் அச்சிட்ட பெருமைகளைவிட இதுவே உண்மையைச் சொல்லும். சில நிறுவனங்கள் அடிப்பாகத்தை வெளியாரிடமிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. மஞ்சள் எண்கோண முத்திரையோடு வரும் வைப்ரம் அப்படிப்பட்டது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தன் தோழர்கள் ஆறு பேரை இழந்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அந்த விபத்துக்குக் காலணிகளும் ஒரு காரணம் என்று கருதி, 1937இல் உருவாக்கிய ரப்பர் அடிப்பாகத்தில் தொடங்கிய பெயர் அது. அந்த முத்திரையைக் கண்டதும் ஈரப் பாறைக்கு ஏற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்களே பல வகை ரப்பர்களைச் செய்கிறார்கள். ஈரப் பாறைக்கு ஓட்டக்காரர்கள் தேடுவது அவற்றில் மெகாகிரிப் என்னும் வகையை.

பச்சைப் பாசி படிந்த கல்லில் மட்டும் எந்த ரப்பரும் உதவாது. ரப்பர் அங்கே பாறையைத் தொடுவதேயில்லை, பாசியைத்தான் தொடுகிறது. தமாரின் அருவிகளின் ஓரத்தில் நான் பார்த்த விழுதல்கள் பலவும் விலை உயர்ந்த காலணிகளில்தான் நடந்தன. அங்கே கல்லின் மேல் அடி வைப்பதைவிடக் காலைத் தண்ணீருக்குள்ளேயே, கற்களுக்கு நடுவே வைப்பது நல்லது. பாசியில்லாத ஈரப் பாறையில் எட்டைக் குறுக்கி, குதிகாலை முன்னே குத்தாமல் பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் படியவைத்து, உடலின் எடை காலுக்கு நேர் மேலே வரும்படி நகருங்கள். குதிகாலின் விளிம்பு மட்டும் பாறையைத் தொடும் நொடியில்தான் சறுக்கல் தொடங்குகிறது.

வேர்களையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் சீனக் கொய்யா காடாக மண்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அதன் பழத்துக்காக வாரக்கடைசியில் குடும்பத்தோடு போகிறோம். அதன் வேர்களோ மழை பெய்த மறுநாள் எண்ணெய் தடவிய குழாய்போல் இருக்கும். வேரின் நீளவாட்டில் ஒருபோதும் காலை வைக்காதீர்கள். குறுக்கே வைக்கலாம், தாண்டிவிடுவது அதைவிட மேல்.

கேள்வி: கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சு மெத்தைபோல் இருந்தது. பத்து கிலோமீட்டர் வரை குறையே இல்லை. அதற்குப் பிறகு, குறிப்பாக இறக்கத்தில், கால்விரல்கள் முன்னால் போய் இடிக்கின்றன. சென்ற மாதம் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. எனக்கு எப்போதும் 38 அளவுதான். ஷூ சுருங்கிவிட்டதா?
(க்யூர்பிப் வாசகி)

பதில்: ஷூ சுருங்கவில்லை, சகோதரி, பாதம் பெருத்திருக்கிறது. நீண்ட ஓட்டத்தில், அதிலும் கோடை வெயிலில், பாதம் வீங்குவது இயல்பு. காலை பத்து மணிக்குக் குளிர்சாதனக் கடையில் நாற்காலியில் அமர்ந்து போட்டுப் பார்த்த பாதமும், மூன்று மணி நேரம் ஓடிய பிறகு இறக்கத்தில் இறங்கும் பாதமும் ஒன்றல்ல. ஆகவே மாலையில், நன்றாக நடந்த பிறகு, ஓடும்போது போடும் அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. இரண்டாம் விரல் நீண்டவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 38 இன்னொன்றின் 39. நீளத்தைவிட அகலம்தான் நமக்குச் சிக்கல். சிறு வயதில் வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் திரிந்து வளர்ந்த நம் தலைமுறையில் பலருக்கு முன்பாதம் விசிறிபோல் விரிந்தும் குதிகால் ஒடுங்கியும் இருக்கிறது. ஐரோப்பிய மலைகளுக்காக வார்க்கப்பட்ட ஒடுங்கிய அச்சுகளில் அந்தப் பாதம் நசுங்குகிறது. அல்ட்ரா போன்ற சில நிறுவனங்கள் விரல் பகுதியை அகலமாகவே வைத்துச் செய்கின்றன. அவற்றில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடே இல்லாத வகைகள் பெரும்பான்மை என்பதால், பழகாதவர்களுக்குக் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் சில வாரங்கள் வலிக்கும். அகலத்துக்காக வாங்கியவர்கள் அந்த வலியைக் கண்டு ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுவதும் உண்டு.

இப்போதுள்ள ஜோடியை உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் நாடாவைப் பாருங்கள். கணுக்காலருகே, மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத கடைசித் துளை ஒன்று இருபுறமும் இருக்கும். நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் செய்யுங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்காது. விரல்கள் இடிப்பதற்குப் பல சமயங்களில் முன்புறக் குறுகலைவிடப் பின்புறத் தளர்வே காரணம். இப்படிக் கட்டியும் இடித்தால், அரை அளவு பெரியது வாங்குவதைத் தவிர வழியில்லை.

நானும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அரை அளவு சிறியதை, "தோல் இளகினால் சரியாகிவிடும்" என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பி வாங்கினேன். அந்த ஷூவில் தோலே இல்லை. முழுக்கச் செயற்கை வலைத்துணி. அது இளகவும் இல்லை, என் நகம் முளைத்து வர ஏழு மாதமும் ஆயிற்று.

கறுத்த நகம் பெரும்பாலும் தானாக விழுந்து புதிதாக முளைத்துவிடும். துடிக்கும் வலி, சீழ், சுற்றிலும் சிவப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கோ வீட்டில் ஓடுகிற வேறு யாருக்குமோ நீரிழிவு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்துக்கு நீர்புகாத ஷூ வாங்கலாமா?
(மாஹேபூர் வாசகர்)

பதில்: வேண்டாம். நீர்புகாத சவ்வு வெளித்தண்ணீரைத் தடுப்பது உண்மை. ஆனால் நம் ஊர் மழையிலும் ஓடையிலும் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்துதான் இறங்குகிறது. இறங்கியது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குலுங்கும். குளிர்நாட்டுப் பனியில் நடப்பவர்களுக்கு அது வரம். நமக்கு அது காலில் கட்டிய வாளி. மெல்லிய வலைத்துணி மேற்பகுதி உள்ளதை வாங்குங்கள்: உள்ளே வரும் தண்ணீர் இருபது முப்பது எட்டுகளில் பெருமளவு வெளியேறிவிடும். பருத்திக் காலுறையை மட்டும் தவிருங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், ஊறிய தோல்தான் உரசலில் கொப்புளமாகும்.

கேள்வி: அண்ணா, அக்டோபரில் எங்கள் தீவின் பெரிய ஓட்டத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்கிறேன். தடித்த மெத்தை உள்ள ஷூவா, மெல்லியதா என்று நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். முடிவில் வரும் ஆங்கிலேயர் பாதையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்ன போடுவது?
(ரியூனியன், செயிண்ட் ஆந்த்ரே வாசகர்)

பதில்: தம்பி குறிப்பிடும் ஓட்டத்தை அறியாதவர்களுக்காக: தெற்கே செயிண்ட் பியேரில் இரவில் புறப்பட்டு, தீவைக் குறுக்கே கடந்து, வடக்கே செயிண்ட் டெனியின் லா ரெதூத் மைதானத்தில் முடியும் 'டியாகோனால் தே ஃபூ' அது, பித்தர்களின் குறுக்குக்கோடு என்று பொருள். தூரம் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறினாலும் 160 கிலோமீட்டருக்குக் குறைவதில்லை. ஏற்றம் மட்டும் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர். கடைசி ஓட்டக்காரர்கள் வந்துசேர 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுவே வரும் மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டரில் போகலாம்.

இவ்வளவு நேரம் காலில் கிடக்கப் போகிற பொருளைப் பற்றிய முடிவு கட்சி அரசியலாகக் கூடாது. தடித்த மெத்தையை இந்தப் பக்கம் பிரபலமாக்கியது 2009இல் பிரான்சின் ஆனசி நகரில் இருவர் தொடங்கிய ஹோகா நிறுவனம். இறக்கத்தில் தொடை தசைகள் வாங்கும் அடியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். நூறு கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அந்த மெத்தையின் அருமை தெரியும். இதை எனக்குச் சொன்ன நண்பர்கள் மெல்லிய அடிப்பாகக் கட்சியிலிருந்து மாறி வந்தவர்கள். அதற்கான விலையும் உண்டு. பாதம் தரையிலிருந்து உயர உயர, கணுக்கால் புரளும் வாய்ப்பு கூடுகிறது. காலடியில் கல் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைப் பாதம் உணர்வதும் தாமதமாகிறது. மெல்லியதில் அந்த உணர்வு உடனுக்குடன் கிடைக்கும், கூடவே ஒவ்வொரு கல்லின் முனையும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில், நடுத்தர மெத்தையோடு முன்பாதத்தின் கீழே மெல்லிய பாதுகாப்புத் தகடு வைத்த வகைகள் இருக்கின்றன. முதல்முறை ஓடுபவருக்கு என் ஓட்டு அவற்றுக்கே.

ஆங்கிலேயர் பாதையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. லா பொசெசியோனிலிருந்து கிராந்த் ஷலூப் நோக்கி ஏறி இறங்கும் அந்தப் பழைய பாதை முழுவதும் கருங்கல் பரப்பியது. ஒரு கல்லின் மட்டம் அடுத்த கல்லுக்கு இல்லை, பல கற்கள் காலடிகளால் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. களைத்த கால்களால், இரண்டாவது இரவின் தூக்கத்தோடு அங்கே வருகிறீர்கள். அந்த இடத்தில் உயரமான பற்கள் எதிரி: கல்லின் மேல் பல் மட்டும் நிற்கும், நீங்கள் ஆடுவீர்கள். 4 மில்லிமீட்டர் அளவிலான பற்களும் இளகிய ரப்பரும் போதும். வழியில் உங்கள் பையை முன்கூட்டியே அனுப்பிவைக்கும் நிலையம் இருந்தால், அரை அளவு பெரிய இரண்டாவது ஜோடி ஒன்றையும் உலர்ந்த காலுறைகளையும் அதில் வையுங்கள். அந்த இரண்டாவது ஜோடியும் நன்றாக ஓடிப் பழகியதாக இருக்க வேண்டும். புதுச் செருப்பு கடிப்பதற்கு மஃபாத் உகந்த இடமல்ல.

கிராந்த் ஷலூப்பில் இறங்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த நம் முன்னோரைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த லசரேத் கட்டடங்கள் அங்கேதான் இருக்கின்றன. காலணியைப் பற்றிய பத்தியில் இது எதற்கு என்று ஆசிரியர் கேட்கக்கூடும். வெட்டாமல் விடுவார் என்று நம்புகிறேன்.

கேள்வி: 400 கிலோமீட்டரில் என் ஷூவின் அடிப்பற்கள் மொட்டையாகிவிட்டன. சுண்டுவிரல் பக்கம் வலைத்துணியும் கிழிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் ஷூவை என் அண்ணன் 900 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். எனக்குத் தரம் குறைந்த சரக்கைத் தள்ளிவிட்டார்களா? நான் எழுதிய புகாருக்கு இன்னும் பதில் இல்லை.
(திரியோலே வாசகர்)

பதில்: புகாருக்குப் பதில் எழுதாதது தவறு, அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். சரக்கு தரம் குறைந்ததா என்பதற்கு, நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் வீட்டிலிருந்து கரும்புத் தோட்டம் வரை நான்கு கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். போக நான்கு, வர நான்கு. ஈரப் பாறைக்காக இளக்கிச் செய்த ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்ப்பது, பள்ளிக்கூட அழிப்பானைச் சுவரில் தேய்ப்பதற்குச் சமம். முதல் பதிலில் சொன்ன அதே இளக்கம்தான் இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பாறையில் நன்றாகப் பிடிப்பது சீக்கிரம் தேயும். பல காலம் தேயாதது ஈரத்தில் வழுக்கும். ரப்பர்க் கலவையைச் செய்பவர்கள் இந்த இடைவெளியைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், குறைத்தும் இருக்கிறார்கள், அடைத்துவிடவில்லை. உங்கள் அண்ணன் காட்டுப் பாதையின் மக்கிய இலைகளின் மேல் மட்டும் ஓடுகிறவராக இருந்தால் 900 கிலோமீட்டர் அதிசயமல்ல.

பாறையின் குணமும் உண்டு. நம் தீவு முழுவதும் எரிமலைக் கல். கரும்பு வயல்களின் நடுவே, நிலத்தைத் திருத்திய முன்னோர் பொறுக்கிக் குவித்த கற்குன்றுகளில் ஒரு கல்லை எடுத்துப் புறங்கையால் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பான அரம். ரியூனியனில் பித்தோன் த லா ஃபுர்னேஸ் பக்கத்துப் புதிய எரிமலைக் குழம்புப் பாறைகளில் ஓடியவர்கள், ஒரே வாரக்கடைசியில் பற்களின் கூர்மை போய்விட்டதாகச் சொல்வார்கள்.

சுண்டுவிரல் பக்கக் கிழிசல் வேறு கதை. ஒவ்வொரு எட்டிலும் ஷூ மடியும் கோடு அங்கேதான் வந்து முடிகிறது. மடிப்பில் மண்துகள் புகுந்து இழைகளை உள்ளிருந்து அறுக்கிறது. கடற்கரையில் ஓடுபவர்களுக்கு உப்புப் பரல்களும் அதே வேலையைச் செய்யும். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் இந்த அறுப்பு பெருமளவு குறையும். ஷூ உங்களுக்கு ஒடுக்கமாக இருந்தாலும் அதே இடத்தில்தான் பிதுங்கிக் கிழியும். கிழிந்தது இரண்டு ஜோடிகளிலும் ஒரே இடமா என்று பழைய ஜோடியை எடுத்துப் பாருங்கள். ஒரே இடமானால், நிறுவனத்தின் மேல் உள்ள வழக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு அகலமான அச்சைத் தேடுங்கள். ஆனால் நூறு கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் பசை விட்டுப் பிரிந்தாலோ, பற்கள் தேயாமல் துண்டுதுண்டாகப் பெயர்ந்தாலோ அது தயாரிப்புக் குறைதான். ரசீதோடும் படங்களோடும் விடாமல் கேளுங்கள்.

நடுவில் இருக்கும் மெத்தையும் தேய்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இ.வி.ஏ. என்னும் அந்த நுரைக்குள் காற்றுக்குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. மிதிபட மிதிபட அவை நசுங்கி, மீண்டு எழும் சக்தியை இழக்கின்றன. பக்கச்சுவரில் நெருக்கமான சுருக்கங்கள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் மரம்போல் இருந்தால் அதன் காலம் முடிந்தது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். எடை, நடை, தரை எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். நான் ஷூவின் நாக்கின் உட்புறத்தில் வாங்கிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறேன். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுவதும் நல்லது. ஒவ்வொன்றும் முழுக்க உலர நேரம் கிடைக்கும்.

உலர்த்துவதில்தான் நம் வீடுகளில் பெரும்பாலான ஷூக்கள் சாகின்றன. மொட்டை மாடியில் ஜனவரி வெயிலில் காயவைப்பது, காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வைப்பது, முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவது எல்லாமே பசையையும் நுரையையும் கெடுப்பவை. உள்ளட்டையை உருவி வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாள் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. நல்ல நாளுக்கு என்று பெட்டியிலேயே வைத்திருந்தால் பல காலம் வரும் என்று எண்ணாதீர்கள். மலையேற்றக் காலணிகள் பலவற்றின் நடுப்பகுதி பாலியூரித்தேன். அது நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி, போடாமல் இருந்தாலும் சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். அப்படிப் பெட்டியில் பத்திரப்படுத்திய ஒரு ஜோடியை ஆறு ஆண்டுகள் கழித்து எடுத்து பிளேன் ஷம்பாஞ் பக்கம் நடக்கப் போனேன். வெளியில் பளபளவென்றிருந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் வலது அடிப்பாகம், டீயில் ஊறிய பிஸ்கட்டைப்போல் உதிர்ந்து, குதிகால் பக்கமிருந்து பிரிந்து தொங்கியது. நாடாவை உருவிக் குறுக்கே சுற்றிக் கட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தேன். இ.வி.ஏ. நுரைக்கு இந்தச் சிதைவு இல்லை. ஆனாலும் பசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாங்கினால் போடுங்கள்.

கேள்வி: சிறு வயது முதல் தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலில் நடந்து வருகிறேன். கொதிக்கும் தாரில் நடந்த கால்களுக்கு இவ்வளவு விலையில் ஷூ தேவையா? மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவிலோ வெறுங்காலிலோ மலைப்பாதையில் ஓடலாமா?
(ரோஸ் ஹில் வாசகர்)

பதில்: காவடி நடை விரதத்தோடு, வேண்டுதலோடு, உறவினர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர, ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் நடை. அன்று பாதம் தாங்கியதை வைத்து வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டத்தைக் கணக்கிடக் கூடாது. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. காய்ப்பேறிய தோல் கல்லைத் தாங்கும். முன்பாதத்தின் மெல்லிய எலும்புகளும் கெண்டைக்கால் தசையும் அந்த விசைக்குப் பழகப் பல மாதங்கள் வேண்டும். அவசரப்பட்டு மாறியவர்களுக்கு அந்த எலும்புகளில் நுண்ணிய முறிவு ஏற்படுவதுண்டு.

மெல்லிய அடிப்பாகத்துக்கு நான் எதிரியல்ல. புல்தரையில் பத்து நிமிடம் என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டு போனால், வெறுங்காலில் வளர்ந்த உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கைகூடலாம். காட்டுப் பாதையிலும் கரும்புத் தோட்டத்திலும் முழு வெறுங்காலை மட்டும் விட்டுவிடுங்கள். எலிகள் உலவும் இடங்களில் தேங்கிய நீரிலிருந்து, பாதத்தின் சிறு வெட்டுக்காயம் வழியாகவே எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றக்கூடும். வயலில் கரும்புத் தட்டையின் வெட்டு முனை எவ்வளவு கூர்மை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு வயது 67. ஓடுவதில்லை. ஞாயிறு தோறும் பேரனோடு லெ பூஸ் ஏறுகிறேன், மெதுவாக. சாதாரண விளையாட்டு ஷூவே போதும் என்கிறேன் நான். அவன் கேட்க மறுக்கிறான்.
(மோக்கா வாசகர்)

பதில்: ஐயா, ஏறும்போது நீங்கள் சொல்வது சரி, இறங்கும்போது பேரன் சொல்வது சரி. தேய்ந்த, தட்டையான அடிப்பாகத்தோடு அந்த ஈரக் களிமண் சரிவில் இறங்குவதில் வயதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை, மெதுவாகவும் வழுக்கும். விலை உயர்ந்தது தேவையில்லை. 4 அல்லது 5 மில்லிமீட்டர் பற்கள், அகலமான முன்பகுதி, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் பின்சுவர் ஆகிய மூன்றும் இருக்கிற சென்ற ஆண்டு மாதிரி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தாலும் போதும். நகச் சோதனையைப் பேரனையே செய்யச் சொல்லுங்கள். பழைய விளையாட்டு ஷூவை எறிந்துவிட வேண்டாம். சந்தைக்குப் போய்வர அது இன்னும் இரண்டு வருடம் தாங்கும்.